கடைசியாக எப்போது குடித்தீர்கள்? திருகோணமலையில் ஒரு போதைச் சிகிச்சைப் பணியாளர் உருவாகும் விதம்

இந்த ஆய்வில் வரும் உத்தியோகத்தரும் சரி, கடற்றொழிலாளியும் சரி, தனி ஆட்கள் அல்லர். திருகோணமலை மாவட்டத்தில் இந்த வேலையில் இருக்கும் பலருடைய அனுபவங்களைச் சேர்த்து, ஊர், வயது, குடும்ப விபரங்களை மாற்றி, இரண்டு மூன்று பேராக எழுதியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் பெயரை மறைத்தால் மட்டும் போதாது. எந்த அம்மன் கோயில், யாருடைய கரைவலை என்று சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சட்டம், கேள்விக்கொத்து, மருத்துவம் சம்பந்தமான விபரங்கள் மட்டும் உள்ளது உள்ளபடி.

விடயம் கைமாறிய விதம்

உத்தியோகத்தர் ஒரு பெண். கலைப் பட்டதாரி, முப்பதுகளின் நடுவில் இருப்பவர். அபிவிருத்தி உத்தியோகத்தராக நியமனம் பெற்றுப் பிரதேச செயலகத்துக்கு வந்து, முதலில் சிறுகைத்தொழில், பிறகு முதியோர் கொடுப்பனவு என்று பார்த்தவர். போதைப்பொருள் தடுப்பு அவர் கேட்டு வாங்கிய விடயம் அல்ல. முன்பு பார்த்தவருக்கு இடமாற்றம் வந்தது. யாராவது ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். இவருக்கு நன்றாகப் பேச வரும், பாடசாலைகளுக்குப் போகத் தயங்கமாட்டார் என்று இவரிடம் கொடுத்தார்கள்.

பொறுப்பெடுத்த பிறகு பயிற்சிகள் வந்தன. அவற்றில் குறை இல்லை. புகையிலை, மதுசாரம் பற்றிய 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் பற்றி ஒருநாள் செயலமர்வு, பாடசாலை மாணவருக்கான தடுப்பு வேலை பற்றி ஒன்று, உளவளத்துணை அறிமுகம் என்று இரண்டு நாள், சிறுவர் பாதுகாப்பு பற்றி இன்னொன்று. சில கொழும்பில், சில உட்துறைமுக வீதிப் பக்கத்து மண்டபங்களில். கொழும்பில் நடந்த ஒன்று சிங்களத்தில் போனது. பக்கத்தில் இருந்தவர் காதுக்குள் மொழிபெயர்த்துச் சொன்னாராம். ஒவ்வொன்றின் முடிவிலும் பிரேம் போட்டு மாட்டத்தக்க ஒரு சான்றிதழ். எல்லாமே பங்குபற்றியமைக்கான சான்றிதழ்கள்தான். இவர் ஒருவரை உட்காரவைத்து விசாரித்ததை அந்தப் பயிற்சிகளில் யாரும் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை, திருத்தவில்லை, புள்ளி போடவில்லை.

அலுவலக மட்டத்தில் இது யாருக்கும் உறுத்தவில்லை. ஆண்டறிக்கையில் கேட்பது எத்தனை நிகழ்ச்சி, எத்தனை பேர் வந்தார்கள் என்பதைத்தான். அந்தக் கணக்கில் இவர் மாவட்டத்திலேயே நல்ல உத்தியோகத்தர்.

ஒரு கால், ஒரு அரை

நகரத்துக்கு வடக்கே கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண் தன் கணவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாற்பத்தைந்தைத் தாண்டியவர், கடற்றொழில். ஊர் அம்மன் கோயில் சடங்கு நெருங்கிக்கொண்டிருந்தது.

“மிஸ், இந்த முறை காப்புக் கட்டினா அதோட விட்டுடுவன் எண்டு சொல்லியிருக்கிறார். நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ.”

உத்தியோகத்தர் ஏற்கெனவே ஒரு செயலமர்வில் வாங்கிவைத்திருந்த படிவத்தை எடுத்தார். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘ஓடிட்’ கேள்விக்கொத்து அது. பத்துக் கேள்விகள், மொத்தப் புள்ளி 40. எட்டு அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்தான குடி. 8 முதல் 15 வரை என்றால் நல்ல ஆலோசனை சொன்னால் போதும். 16 முதல் 19 வரை என்றால் தொடர்ந்து பார்க்க வேண்டும். 20 அல்லது அதற்கு மேல் என்றால் தங்கியிருத்தல், அதாவது குடி இல்லாமல் இருக்க முடியாத நிலை, இருக்கக்கூடும், வைத்தியரிடம் அனுப்ப வேண்டும்.

“ஒரு நாளைக்கு எவ்வளவு எடுப்பீங்க அண்ணன்?”

“விடிய ஒரு கால், பின்னேரம் ஒரு அரை. அவ்வளவுதான் மிஸ். அதுக்கு மேல தொடமாட்டன்.”

படிவத்தில் ‘1 அல்லது 2’ என்ற பெட்டியில் சரி போடப்பட்டது. ஒரு கால், ஒரு அரை, ஆக இரண்டு. புள்ளி பூச்சியம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் கேள்வி கேட்பது போத்தலின் எண்ணிக்கையை அல்ல. 10 கிராம் தூய மதுசாரம் கொண்ட ‘ஒரு அளவு’ எத்தனை என்பதை. எங்கள் கடைகளில் விற்கும் சாராயத்தில் மதுசாரம் 33 வீதத்துக்கு மேல். 180 மில்லிலீற்றர் கால் போத்தலில் சுமார் 47 கிராம் இருக்கும். 375 மில்லிலீற்றர் அரைப் போத்தலில் 97 கிராம் அளவில். இரண்டையும் கூட்டினால் 14 அளவுக்கு மேல் வரும். கேள்விக்கொத்தின் உச்சப் பெட்டியே ‘10 அல்லது அதற்கு மேல்’ என்பதுதான். அதற்கு 4 புள்ளி.

இந்த ஒரு பிழை அடுத்த கேள்வியையும் இழுத்துக்கொண்டு போனது. ஒரே நேரத்தில் ஆறு அளவோ அதற்கு மேலோ எத்தனை முறை என்று கேட்கும் மூன்றாவது கேள்விக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்று விழுந்தது. அது ‘தினமும்’ என்று விழுந்திருக்க வேண்டும், 4 புள்ளி. ஆறாவது கேள்வி, விடிந்ததும் ஒரு குடி தேவைப்படுகிறதா என்பது. அவர் “கடலுக்குப் போறதுக்கு முன்னம் ஒரு சூட்டுக்கு” என்றார். கடற்கரையில் யாரும் சொல்கிற பதில்தான் என்று அதையும் விட்டுவிட்டார் உத்தியோகத்தர். அதற்கும் 4.

படிவத்தில் வந்த மொத்தம் 11. சரியாகப் போட்டிருந்தால் 23. ஆலோசனை சொல்லி அனுப்பும் வரிசையில் ஆள் உட்கார்ந்தார். வைத்தியசாலைக்குப் போகவேண்டிய வரிசை அது அல்ல.

உத்தியோகத்தர் ஆலோசனை சொன்னார். ஈரல் படம் காட்டினார். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினார். “அம்மனை நினைச்சு இண்டைக்கே விடுங்க அண்ணன், ஒரு சொட்டும் தொடாதீங்க” என்று உறுதியும் வாங்கினார். அவரும் கேட்டார். அன்றிரவோடு நிறுத்திவிட்டார்.

மூன்றாம் நாள்

மறுநாள் கை நடுங்கியது, வியர்த்தது. காய்ச்சல் என்று பனடோல் கொடுத்தார்கள். இரண்டாம் இரவு ஒரு பொட்டும் தூங்கவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் வீட்டு நடு அறையில் நின்று வலை இழுக்கத் தொடங்கினார். கையில் கயிறில்லை, முன்னால் கடலும் இல்லை. “இழுங்கடா, இழுங்கடா” என்று மகனைக் கூப்பிட்டு அதட்டினார். சுவரில் நண்டு ஊருகிறது என்றார். விரதகாலம் என்பதால் அக்கம்பக்கத்தார் அதற்கு வேறு அர்த்தம் கண்டார்கள். கோயிலடிக்குக் கொண்டுபோய், திருநீறு போட்டு, வேப்பிலை அடித்து, அதற்குள் ஒரு தடவை வலிப்பும் வந்துவிட்டது. அதன் பிறகுதான் ஓட்டோ பிடித்து மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள்.

மருத்துவத்தில் இது நன்றாகத் தெரிந்த கதை. நீண்டகாலம் நிறையக் குடித்த ஒருவர் திடீரென நிறுத்தினால் ஆறு மணிநேரத்திலிருந்து நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணிநேரத்துக்குள் சிலருக்கு நினைவு தடுமாறி, இல்லாததெல்லாம் தெரியும். காய்ச்சலும் இதயத் துடிப்பும் ஏறும். சிகிச்சை இல்லாத காலத்தில் இந்தக் கடைசிக் கட்டத்துக்கு வந்தவர்களில் மூன்றில் ஒருவர் வரை இறந்ததாகப் பழைய பதிவுகள் சொல்கின்றன. இப்போது சரியாகப் பார்த்தால் அது 5 வீதத்துக்கும் கீழே. டயசிபாம் வகை மருந்தைப் போதுமான அளவு கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். குளுக்கோஸ் ஏற்ற முன்னர் தயமின் (விற்றமின் பி1) ஊசி போடுவார்கள். அதைத் தலைகீழாகச் செய்தால் மூளை பாதிக்கப்படலாம்.

ஆள் பிழைத்தார். மனைவி வாட்டுக்கு வெளியே நின்று உத்தியோகத்தருக்குப் போன் எடுத்துச் சொன்னது இதைத்தான்: “நீங்க சொன்னதைத்தானே மிஸ் அவர் கேட்டவர்.”

உத்தியோகத்தரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவருக்குப் படிப்பித்தவை எதையும் அவர் பிழையாகச் செய்யவில்லை. ‘இன்றைக்கே விடுங்கள்’ என்பது புகைத்தலுக்குச் சரியான ஆலோசனை. கஞ்சாவுக்கும் பெரும்பாலும் சரி. ஹெரோயினை நிறுத்தினால் உடம்பு முறிந்து, வாந்தியும் பேதியுமாய் ஆளை வாட்டிவிடும். ஆனால் வேறு நோயில்லாதவரை அது கொல்வது அரிது. அதை விட்டவர் சில வாரம் கழித்துப் பழைய அளவையே மறுபடி எடுப்பதுதான் அங்கே உயிராபத்து. ஐஸ் (மெதம்பெற்றமைன்) பாவித்தவர் நிறுத்தினால் சோர்வும், சிலருக்குத் தற்கொலை எண்ணமும். வடக்குக் கிழக்கில் இளைஞர்களிடம் பரவியிருக்கும், நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரகபலின் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். மதுசாரத்தை நிறுத்தும்போது நடப்பதைத்தான் இப்போது பார்த்தோம். எல்லாவற்றையும் ‘போதை’ என்ற ஒரே தலைப்பில் போட்டு, ஒரே படங்களைக் காட்டிப் பயிற்சி கொடுத்தால் இந்த வித்தியாசம் எங்கே போகும்?

தராதரம் தருபவர்கள்

இலங்கையில் உளவளத்துணையாளராக வேலை செய்யச் சட்டப்படி ஓர் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்ற முறை இல்லை. வைத்தியரும் தாதியும் பதிவு இல்லாமல் வேலை செய்ய முடியாது. சிகிச்சை உளவியலாளருக்கு மருத்துவச் சபையில் பதிவு உண்டு. போதைக்கு அடிமையானவரிடம் உட்கார்ந்து பேசுபவருக்கு மட்டும் அப்படி எதுவும் கிடையாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் முறை மாறும். சில இடங்களில் பள்ளிக் கல்வியோடு தொடங்கலாம், சில இடங்களில் முதுமாணிப் பட்டம் கேட்பார்கள். ஆனாலும் பெரும்பாலான இடங்களில் முழுச் சான்றிதழ் கிடைக்கும் முன், அனுபவசாலி ஒருவரின் மேற்பார்வையில் ஆயிரக்கணக்கான மணிநேரம் வேலை செய்து காட்ட வேண்டும்.

விசேஷம் என்னவென்றால், உலகம் முழுவதும் பயன்படும் பாடத்திட்டம் ஒன்று எங்கள் கொழும்பைத் தளமாகக் கொண்டே உருவானது. ஆசிய பசிபிக் நாடுகளின் கூட்டமைப்பான கொழும்புத் திட்டத்தின் செயலகம் நடத்தும் போதைப்பொருள் ஆலோசனை நிகழ்ச்சித்திட்டம் 1973இல் தொடங்கியது. 2009இல் அதன் கீழ் ஆசிய மட்டத்தில் ஒரு சான்றளிப்பு நிலையம் அமைந்து, பிறகு அது சர்வதேச நிலையமாக விரிந்தது. அவர்களுடைய சிகிச்சைப் பாடத்திட்டத்தின் அடிப்படை நிலையில் எட்டுப் பாடங்கள்: மூளையும் மருந்தியலும், தொடர் சிகிச்சை, கூடவே வரும் உள உடல் நோய்கள், அடிப்படை உளவளத்துணை, உள்வாங்கலும் மதிப்பீடும் பதிவும், நபர் முகாமை, நெருக்கடித் தலையீடு, தொழில் ஒழுக்கம். படித்துப் பரீட்சை எழுதி, போதைச் சிகிச்சைப் பணியாளருக்கான ‘ஐகேப்’ என்ற சர்வதேசச் சான்று எடுக்கலாம். 2015இல் தொடங்கிய ‘இஸ்ஸப்’ என்ற சர்வதேசச் சங்கமும் இந்தப் பயிற்சிகளைப் பரப்புகிறது. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. போதைப்பொருள் அலுவலகமும் 2020இல் திருத்தி வெளியிட்ட சிகிச்சைத் தராதரங்கள், சிகிச்சைக்குப் பயிற்சி பெற்ற ஆளணி வேண்டும் என்று வலியுறுத்துகின்றன.

ஆனால் கொழும்பில் உருவானது கிழக்குக்கு வந்துசேர நாளாகிறது. 1984ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நீண்டகாலமாக நடத்திவரும் வதிவிடச் சிகிச்சை நிலையங்கள் தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவப் பக்கங்களில். அனுபவசாலிகளும் அங்கேதான் சேர்ந்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்துச் சனத்துக்கு ‘புனர்வாழ்வு’ என்றால் உடனே நினைவுக்கு வருவது பக்கத்து மாவட்டத்துக் கந்தக்காட்டுப் புனர்வாழ்வு நிலையம். 2022இல் அங்கே நடந்த மோதலும் நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதும் எல்லா வீட்டுத் தொலைக்காட்சியிலும் போனது. ‘மகனைக் காட்டிக்கொடுத்தால் கந்தக்காட்டுக்கு ஏற்றிவிடுவார்கள்’ என்ற பயத்தில் ஐஸ் பாவிக்கும் பிள்ளையை அறைக்குள் பூட்டிவைத்த தாயைக் கிண்ணியாப் பக்கத்திலும் பார்க்கலாம், பாலையூற்றிலும் பார்க்கலாம். அந்த ஆண்டின் சட்டத் திருத்தத்தோடு 5 கிராம் ஐஸுக்கும் மரண தண்டனை வரை கிடைக்கலாம் என்று ஆனபின் பயம் இன்னும் கூடியது. பாவிக்கும் பிள்ளைக்கும் விற்பவருக்கும் உள்ள வித்தியாசம் சமையலறையில் நின்று அழும் தாய்க்குத் தெரிவதில்லை. அதை அவருக்கு விளக்கிச் சொல்ல ஊரில் ஒருவர் வேண்டும்.

மாதாந்தக் கூட்டம்

மாற்றம் எந்தப் பாடநெறியிலிருந்தும் தொடங்கவில்லை. வைத்தியசாலை உளநலப் பிரிவின் வைத்திய அதிகாரி, அந்தக் கடற்றொழிலாளியின் படிவத்தை மனைவியின் கைப்பைக்குள் கண்டார். யார் போட்டது என்று விசாரித்து, உத்தியோகத்தரைக் கூப்பிட்டார். திட்டுவதற்காகத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துத்தான் இவர் போனார். அவர் கேட்டது வேறு: “அடுத்த ஆள் வந்தா எங்களுக்கு முன்னமே தெரியவேணும். மாசத்துல ஒரு நாள் வாறீங்களா? நீங்க பாத்த ஆக்களைப் பற்றி இருந்து கதைப்பம்.”

சரி என்று தொடங்கியதுதான். வைத்திய அதிகாரி, சமூக உளநலத் தாதி ஒருவர், இரண்டு பிரதேச செயலகங்களின் உத்தியோகத்தர்கள், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகர். நானும் குறிப்பெடுக்கப் போவேன். ஒவ்வொருவரும் ஒரே ஒரு ஆளைப் பற்றி ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுவர வேண்டும். பெயர் இருக்கக் கூடாது.

ஒரு கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வைத்திய அதிகாரி தானே கடற்றொழிலாளியாக நடித்தார், கதிரையில் சரிந்து உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு. உத்தியோகத்தர் கேட்கிறார்: “குடியை விட்டா நல்லம்தானே அண்ணன்? வீட்டிலயும் சந்தோஷம், காசும் மிச்சம், என்ன?” நடிக்கும் வைத்தியர், “ஓம் மிஸ்.” பிறகு எதுவும் பேசவில்லை. அறை அமைதியாக இருந்தது. தாதி சிரித்துவிட்டார். மூன்று கேள்வியை ஒன்றாகக் கேட்டு, பதிலையும் தானே சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவருக்கு ‘ஓம்’ என்பதைத் தவிர வேறு என்ன மிச்சம் இருக்கிறது?

மறுபடி செய்தார்கள். இந்த முறை தாதி சொல்லிக்கொடுத்த கேள்வி: “குடிக்காத நாள்ல விடிய எழும்பினா உடம்பு எப்பிடி இருக்கும் அண்ணன்?” நடிக்கும் வைத்தியர் கட்டிய கையை அவிழ்த்தார். “கை ஆடும் மிஸ். தேத்தண்ணிக் கோப்பையப் பிடிக்க ஏலாது. ஒரு இழுவை போட்டாத்தான் நிக்கும்.” தேவையான முழு விபரமும் அந்த ஒரு பதிலில் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர்கள் நான்கு கேள்விகளைப் படிவத்துக்கு மேலேயே எழுதி ஒட்டினார்கள். கடைசியாக எப்போது குடித்தீர்கள், விடிய எழும்பினால் உடம்பு எப்படி, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, கூடவே வேறு மாத்திரை போடுகிறீர்களா. சுவரில் ஓர் அட்டவணையும் தொங்கியது. கால், அரை, முழுப் போத்தல், பியர் ரின் ஒவ்வொன்றிலும் எத்தனை அளவு என்று. கசிப்புக்கு நேரே கேள்விக்குறி போட்டார்கள். அதன் வலு காய்ச்சுபவருக்கே தெரியாது.

இப்படி ஒருவர் செய்வதை இன்னொருவர் பார்த்துத் திருத்துவதைத்தான் நான் பயிற்சி என்பேன். பாடநெறி வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த எட்டுப் பாடங்களில் மருந்தியலைப் படித்தபிறகுதான் ‘தயமின் ஏன் முதலில்’ என்ற கேள்வியை உத்தியோகத்தர் கூட்டத்தில் கேட்டார். ஆனால் பாடத்தை மட்டும் படித்தவர் அந்தக் கதிரைக்கு முன்னால் உட்கார்ந்ததும் பழையபடி ‘விட்டா நல்லம்தானே’ என்று தொடங்குவதை நிறையத் தடவை பார்த்துவிட்டேன். சான்றிதழ் கொடுக்கும் எவரும் பரீட்சைத் தாளோடு சேர்த்து, குறைந்தது சில உரையாடல்களையாவது நேரில் பார்த்து ஒப்பமிட வேண்டும். இதற்கு மேற்பார்வையாளர்கள் வேண்டும். புல்மோட்டையிலிருந்தோ வெருகலிலிருந்தோ மாவட்ட வைத்தியசாலைக்கு 50 கிலோமீற்றருக்கு மேல். ஒரு வைத்திய அதிகாரியும் ஒரு தாதியும் பதினொரு பிரிவுகளுக்கும் ஓட முடியாது. அதனால் முதலில் தேர்ந்த உத்தியோகத்தர்களை மேற்பார்வையாளர்களாக்குவதுதான் வழி. எங்கள் மாவட்டத்தில் அது இரண்டு மொழியில் நடக்க வேண்டும். கந்தளாய், சேருவிலப் பக்கத்துக்குத் தமிழில் மட்டும் நடத்தினால், கொழும்பு எங்களுக்குச் செய்ததை நாங்கள் அவர்களுக்குச் செய்வதாகிவிடும்.

கடற்றொழிலாளியின் நிலையையும் சொல்ல வேண்டும். வைத்தியசாலையை விட்டு வந்து சில மாதம் குடிக்கவில்லை. வாடைக் காலம் தொடங்கி, கடலுக்குப் போக முடியாமல், வீட்டில் கடனும் சேர்ந்ததும் திரும்பத் தொடங்கினார். இந்த முறை நிறுத்த வேண்டும் என்று தோன்றியபோது மனைவி முதலில் போன் எடுத்தார். “மிஸ், ராத்திரிதான் கடைசியாக் குடிச்சவர். இப்ப கை நடுங்குது. கொண்டு வரட்டா?” வாட்டில் வைத்து மருந்தோடு இறக்கினார்கள். வலிப்பு வரவில்லை.

பெயர்ப் பட்டியல்

இது சின்ன விடயம்தான், ஆனால் விட முடியாது. வேறொரு கூட்டத்தில் உத்தியோகத்தரிடம் அவருடைய பிரிவில் போதை பாவிப்பவர்களின் பெயர்ப் பட்டியல் கேட்கப்பட்டது. கேட்டவர்களின் நோக்கம் கெட்டதென்று சொல்லமாட்டேன். எண்ணிக்கை தரலாம், பெயர் தர முடியாது என்றார் உத்தியோகத்தர். முதல் வருடத்தில் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று பிறகு சொன்னார். ஒழுக்கப் பாடத்தில் இரகசியம் பேணுதல் பற்றிப் படித்திருந்ததும், மறுப்பதற்கு ஒரு தொழில் விதி இருக்கிறது என்று காட்டமுடிந்ததும் கை கொடுத்தன. தராதரம் ஒன்று இருந்தால் அது வேலை செய்பவருக்கும் ஒரு பாதுகாப்பு. பட்டியல் வெளியே போயிருந்தால் அடுத்த தாய் அந்த அலுவலகப் படியை மிதித்திருக்கமாட்டார்.

மீண்டவர்

எங்கள் மாதாந்தக் கூட்டத்தில் பிறகு வந்து சேர்ந்தவர் ஒருவர் இருக்கிறார். மூதூர்ப் பக்கம், முன்னாள் ஹெரோயின் பாவனையாளர், பல வருடமாக விட்டிருப்பவர். சாதாரண தரம் முடிக்கவில்லை. உத்தியோகத்தரும் வைத்தியரும் நுழைய முடியாத வீடுகளுக்குள் அவர் போவார். “நானா, நீங்க எப்பிடி விட்டீங்க?” என்று பெடியன்கள் அவரிடம்தான் கேட்பார்கள்.

அவருக்கு எந்த டிப்ளோமாவிலும் அனுமதி இல்லை. ஆனால் நாட்டில் ஏழு நிலைகள் கொண்ட தேசிய தொழிற்றகைமை முறை இருக்கிறது. அதில் முன்பு வேலையால் கற்றதை ஆதாரத்தோடு காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டிச் சான்று எடுக்க வழி உண்டு. மேசன், மின்னிணைப்பாளர், சமையற்காரர் என்று எத்தனையோ பேர் அப்படி எடுத்திருக்கிறார்கள். இந்த வேலையிலும் துணைப் பணியாளருக்கு அந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. மீண்டவர்களை எங்கள் ஊரில் பாடசாலை மேடையில் ஏற்றிக் கதை சொல்லவைத்துக் கைதட்டி அனுப்பிவிடுகிறார்கள். ஒரே வாரத்தில் நான்கு மேடை. ஒவ்வொரு மேடையிலும் பழைய நாட்களைத் திரும்பவும் வாழ்ந்து காட்ட வேண்டும். அது ஆளை உடைக்கும். அவருக்கும் மேற்பார்வை வேண்டும், சம்பளம் வேண்டும், ‘இன்றைக்கு முடியாது’ என்று சொல்லும் உரிமையும் வேண்டும். இப்போதைக்கு அவருக்குக் கிடைப்பது போக்குவரத்துக் காசு மட்டும்.

இடமாற்றம்

உத்தியோகத்தர் எட்டுப் பாடங்களையும் முடித்தார். கூட்டங்களில் வைத்த பக்கங்கள் ஒரு தடித்த கோப்பாகிவிட்டன. சம்பளம் மாறவில்லை, பதவிப் பெயரும் மாறவில்லை. வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சையில் இதைப் பற்றி ஒரு கேள்வியும் கிடையாது. பிறகு வருடாந்த இடமாற்றப் பட்டியலில் அவருடைய பெயர் வந்தது. போகும் இடத்தில் அவருக்குக் காணி விடயம்.

இந்தத் துறையில் பணத்தை விழுங்கும் ஓட்டை இதுதான். தராதரம் ஆளோடு போகிறது, கதிரையோடு இருப்பதில்லை. எத்தனை பேரைப் பயிற்றினாலும் ஐந்தாறு வருடத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். சேவைப் பிரமாணக்குறிப்பில் இந்தக் கடமைக்கென ஒரு தகைமையை எழுதி, அது இல்லாதவரை அந்தக் கதிரையில் உட்காரவைக்க முடியாது என்று ஆக்க வேண்டும். அந்தத் தகைமை உள்ளவரை மாற்றினால், மாவட்டத்துக்குள் இதே வேலைக்கு மட்டும் மாற்ற வேண்டும். ஒரு சிறிய படியும் கொடுக்கலாம். இவற்றுக்குப் புதுக் கட்டிடம் எதுவும் தேவையில்லை. தாபனக் கிளையில் எழுதுமேசை வேலைதான், ஆனால் அதுதான் எல்லாவற்றையும் விட மெதுவாக நகர்கிறது.

அதுவரைக்கும் வைத்திய அதிகாரி ஒரு ஏற்பாடு செய்தார். இடமாற்றத்தைச் சில வாரம் பிற்போடக் கேட்டு, புதிதாக வருபவரை முதலில் கூட்டத்தில் பார்வையாளராக உட்காரவைத்தார். பிறகு பழையவர் பக்கத்தில் இருக்க அவர் ஒருவரை விசாரிக்க வேண்டும், அதன் பிறகே தனியாக. புதியவர் ஒரு இளைஞர், தம்பலகாமத்துக்காரர், பேச்சில் கூச்சம் அதிகம். ஆனால் கூச்சம் இந்த வேலைக்கு அவ்வளவு கெட்டதல்ல, எதிரில் இருப்பவர் பேச இடம் கிடைக்கும்.

அவருடைய முதல் பக்கத்தைப் போன கூட்டத்தில் வாசித்தோம். போத்தல் கணக்கு சரி. கடைசிக் குடி எப்போது என்பதும் மணி உட்பட இருந்தது. விடிய நடுக்கம் உண்டா, முன்பு வலிப்பு வந்ததா, இரண்டும் கேட்டிருக்கிறார். மாத்திரையைப் பற்றி மட்டும் ஒன்றும் இல்லை. வந்தவருக்கு வயது 22. அந்த வயதில் சாராயத்தோடு பிரகபலினும் போகும் என்பது இப்போது எங்கள் வாட்டில் எல்லோருக்கும் தெரியும். “கேட்கத்தான் நினைச்சனான் சேர். சந்தேகப்படுறன் எண்டு நினைப்பானோ எண்டு விட்டுட்டன்” என்றார். தாதி அவருக்குக் கேட்கும் விதத்தை அங்கேயே இருத்திக் காட்டினார். அடுத்த நாள் காலையிலேயே அந்தப் பெடியனுக்குப் போன் எடுத்துக் கேட்கும்படி சொல்லி அனுப்பினோம்.